ஒருங்கிணைப்பு மையத்தில் என் கண்

பதினாறு வருஷமாக நான் அடுத்தவர் புருவத்தில் பிழைக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, நூற்கண்டு. இதுதான் என் அழகு நிலையம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேண்டாத முடியைத் தேடித் தேடிப் பிடுங்கும் வேலை. இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் புருவம்தான் கண்ணில் படும். முகம், பதவி, படிப்பு எல்லாம் அப்புறம்தான். ஆகவே இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்களை நான் புருவத்தை வைத்து அடையாளம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் என்னை ஒரு எண்ணை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தது. வழக்கமாக வருகிற வங்கிக்காரப் பெண் ஒருத்தி, மறுநாள் பதவி உயர்வுக்கு நேர்காணல் என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்தாள். வலது புருவம் அழகாக வந்தது. இடது புருவத்தில் நூலைச் சுண்டினேன். கண்ணுக்கு முன்னால் புகை மாதிரி ஏதோ வந்து போனது. புகை விலகியபோது அவளுடைய இடது புருவத்தின் வால் என் நூலில் இருந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆனால் சொன்னதில் நியாயம் இருந்தது.

எனக்கு அதற்கு முன்பே மூன்று வருஷமாக வயிற்று வலி. வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதே அது கெட்டுப்போன பிறகுதான் எனக்குத் தெரியும். அதில் கல் என்றார்கள், வீக்கம் என்றார்கள். போன வருஷம் சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. இதற்காக நான் பார்த்துவந்த வயிற்று மருத்துவருக்கு இரண்டு புருவமும் நடுவில் சேர்ந்து ஒரே கோடாக ஓடும். பத்து நிமிஷம் என்னிடம் கொடுத்தால் சரிசெய்து விடுவேன் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், சொன்னதில்லை. அவரிடம் புகை வந்த கதையைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"கணையம் சுணங்கினா சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினா கண்ணுக்குள்ள இருக்கற பொடிப்பொடி ரத்தக் குழாயெல்லாம் கசிய ஆரம்பிக்கும். கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒண்ணு இருக்கு. அதை ஒரு படம் எடுத்தா கசிவு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். இருந்தா லேசர் வெச்சு அடைச்சிடலாம். ரெண்டு மாசத்துக்குள்ள பாத்துடுங்க. தள்ளிப்போட்டா பார்வை போயிடும்."

தெளிவாகப் பேசிய மனிதர். மூன்றாவது மாடியில் இதற்கென்றே புதிதாக ஒரு மையம் திறந்திருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு என் கோப்பும் மேலே போய்விட்டது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்க முயன்றபோதெல்லாம், நான் இப்போது மையத்தின் நோயாளி, இவருடைய நோயாளி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

மையத்தின் முழுப்பெயர் கணைய விழித்திரை ஒருங்கிணைப்பு உயர் மையம். இடது பக்கம் ஒரு கதவு, விழித்திரைப் பிரிவு. வலது பக்கம் ஒரு கதவு, கணையப் பிரிவு. நடுவில் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு நடை. நடையில் ஒரு பிளாஸ்டிக் செடி. ஒருங்கிணைப்பு என்பது அந்த நடைதான் என்று எனக்குப் புரியப் பல வாரங்கள் ஆயின.

என்னோடு என் வீட்டுக்காரர் வந்தார். அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் ஆவண அறையில் வேலை பார்க்கிறார். முத்திரை வைத்த எந்தக் காகிதத்தையும் இரண்டு கையாலும் வாங்குகிற மனிதர். வரிசையில் நிற்பது அவருக்கு ஒரு கஷ்டமே இல்லை. மையத்தின் பளபளப்பான தரையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்தார். நான்தான் தடுத்தேன்.

பதிவு மேசையில் இருந்த பெண்மணிக்கு ஒரு புருவம் மட்டும் எப்போதும் ஏறியே இருக்கும். அறுபத்திரண்டு கேள்விகளை அவள் கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்தொன்பதாவது கேள்வி, நாளொன்றுக்கு எவ்வளவு மது அருந்துகிறீர்கள் என்பது. நான் குடிப்பதில்லை என்றேன். அவள் தட்டினாள். திரை சிவப்பானது. மறுபடி தட்டினாள். மறுபடி சிவப்பு.

"நீங்க குடிக்கலன்னு உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுங்க. கம்ப்யூட்டருக்குத் தெரியல. கணையம் கெட்டா குடிதான்னு முடிவு பண்ணி செஞ்சு வெச்சிருக்காங்க. ஜீரோ போட்டா அடுத்த கேள்விக்குப் போகாது."

குடிக்காதவர்களுக்கும் கணையம் கெடும் என்று கீழே வயிற்று மருத்துவர் சொன்னாரே என்றேன். அது கீழே, இது மேலே என்றாள். எங்களுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். என் வீட்டுக்காரர் முன்னால் குனிந்து, குறைந்தபட்சம் எவ்வளவு போட்டால் அது ஏற்றுக்கொள்ளும் என்று மரியாதையாக விசாரித்தார். முப்பது மில்லி என்றாள். காகிதத்தில்தானே என்று என் காதில் சமாதானம் சொன்னார். அப்படியாக முப்பத்தொன்பதாவது வயதில், காலை பதினொன்றரை மணிக்கு, வெறும் வயிற்றில் நான் குடிக்க ஆரம்பித்தேன்.

குடிக்கிறவர்களுக்குப் படம் எடுக்கும் அறையின் கதவு நேரே திறக்காது. வாரம் ஒன்றாக மூன்று முறை மனநல ஆலோசகரைப் பார்த்து, அவர் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த அம்மாளுக்குச் சொந்தப் புருவம் கிடையாது. பென்சிலால் வரைந்திருந்தார், அதுவும் ஒரு விரற்கடை உயரத்தில். அதனால் நான் எதைச் சொன்னாலும் ஆச்சரியப்படுவது போலவே இருந்தது. முதல் வாரம் நான் குடிப்பதில்லை என்று சொன்னேன். மறுப்பு நிலை என்று எழுதிக்கொண்டார். இரண்டாம் வாரம் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கோப நிலை என்று எழுதினார். மூன்றாம் வாரம் எனக்கு அலுத்துவிட்டது. சரி, விட்டுவிட்டேன் என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. பத்து வருஷ அனுபவத்தில் இவ்வளவு சீக்கிரம் மீண்டவர் யாருமில்லையாம். சான்றிதழ் கொடுத்தார். அழகுக்கலை வகுப்பில்கூட எனக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கே அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் மாட்டலாமா என்று கேட்டவரை நான் பார்த்த பார்வையில், அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

இந்த மூன்று வாரத்தில் புகை நாலு தடவை வந்தது. வாடிக்கையாளர்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். வருகிறவர்களுக்கும் வலது புருவத்தை முதலில் முடித்துவிட்டு, இடது புருவத்தை விரலால் தடவிப் பார்த்துச் செய்தேன். கண் போனால் எனக்குத் தெரிந்த ஒரே வேலையும் போகும். அதை வீட்டில் சொல்லவில்லை.

படம் எடுக்கும் அறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். அடர்த்தியான, நல்ல வளைவுள்ள புருவம். ஆண்களில் இப்படிப் பார்ப்பது அபூர்வம். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் மூடி உட்கார வைத்தார். பிறகு தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார். மின்னல் ஒன்று அடித்தது. அடுத்த கண்ணுக்கும் ஒன்று. திரையைப் பார்த்தவர் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"சூப்பர் படம்மா. இந்த வருஷம் நான் எடுத்ததுலயே இதுதான் பெஸ்ட்."

"அப்ப கண்ணு நல்லா இருக்குங்களா?"

"படம் நல்லா இருக்கு. கண்ணு எப்படி இருக்குன்னு நான் சொல்லக்கூடாதும்மா. அதுக்கு வேற ஆளு."

நான் திரையை எட்டிப் பார்க்கப் போனேன். அவர் சங்கடத்தோடு திரையை அணைத்தார். எடுத்த நிமிஷத்திலிருந்து படம் மையத்தின் சொத்து, நோயாளிகள் பார்க்க அனுமதி இல்லை, விதி அப்படி என்றார். மூக்கு முட்டுகிற தூரத்தில் என் கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, அதை நான் பார்க்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்த மனிதருக்கும் அர்த்தம் தெரியவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வாங்கப் போனோம். விழித்திரைப் பிரிவில், நீங்கள் கணையத்து ஆள், கணையத்தில் போய்க் கேளுங்கள் என்றார்கள். கணையப் பிரிவில், கண்ணைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும், கண்ணில் போய்க் கேளுங்கள் என்றார்கள். அன்றைக்கு அந்த நடையில் பதினோரு தடவை நடந்தோம். ஆறாவது தடவையில் நான் பிளாஸ்டிக் செடிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் அலுக்காமல் இரண்டு கதவையும் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் யாரோ இரக்கப்பட்டு, இரண்டு பிரிவும் சேர்ந்த கூட்டுக்குழு மாதத்தின் முதல் வியாழக்கிழமை கூடும், முடிவு அங்கேதான் என்று சொன்னார்கள்.

முதல் வியாழன் வந்தது. குழு கூடவில்லை. மையத்தின் இயக்குநர் இந்த மையத்தைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். அடுத்த மாதம் கூடியது. கதவு சரியாகச் சாத்தாததால் வெளியே உட்கார்ந்திருந்த எங்களுக்குப் பாதி கேட்டது. அன்றைக்கு முப்பது கோப்புகள் இருந்தன. ஆனால் பேச்சு முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றித்தான். விழித்திரையில் ரத்தம் கசிந்தால் அது யாருடைய கசிவு? கணையத்தால் வந்த கசிவு எங்கள் கணக்கில் எப்படி வரும் என்றார் விழித்திரைத் தலைவர். தண்ணீர் மாடியிலிருந்து ஒழுகினாலும் யார் வீட்டுத் தரையில் விழுகிறதோ அவர்கள்தானே துடைக்க வேண்டும் என்றார் கணையத் தலைவர். முக்கால் மணி நேரம் சண்டை. இறுதியில் இயக்குநர், கசிவு இரண்டு பிரிவுக்கும் பொதுச் சொத்து என்றும், ஒரு பிரிவின் சம்மதம் இல்லாமல் மற்றது அதைத் தொடக் கூடாது என்றும் தீர்ப்பு சொன்னார். மேசையைத் தட்டிப் பாராட்டும் சத்தம் கேட்டது. யாருடைய கண்ணில் கசிவு என்று மட்டும் யாரும் கடைசி வரை சொல்லவில்லை.

இயக்குநர் வெளியே வந்தபோது நான் வழியை மறித்தேன். தலைமுடிக்குக் கறுப்பு மை அடித்துவிட்டுப் புருவத்தை வெள்ளையாகவே விட்டுவைத்திருந்த மனிதர். என் நாற்காலியிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்தது போல இருந்தது. என் கண்ணில் கசிவு இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வது போல இதமாகச் சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. கண்டுபிடிக்கறதுதான் எங்க மையத்தோட வேலை. அதுல நாங்க நம்பர் ஒன். கண்டுபிடிச்சதச் சொல்றதுக்குத் தனியா ஒரு பிரிவு திட்டத்துல இருக்கு. அதுக்கு இன்னும் ஆள் போடல."

பத்து நாளில் தபாலில் கடிதம் வந்தது. "தங்கள் விழித்திரை பார்க்கப்பட்டது. தொடர்ந்து பார்க்கப்படும்." கீழே இரண்டு முத்திரை, மூன்று கையெழுத்து. வேறொரு கண் மருத்துவரிடம் போய்விடலாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் வீட்டுக்காரர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை படித்தார்.

"ஏம்மா, இவ்வளவு பெரிய எடம். இத்தனை டாக்டருங்க பாத்திருக்காங்க. மோசமா ஏதாவது இருந்தா சொல்லாம விட்டுடுவாங்களா? ஒண்ணும் எழுதலன்னா ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்."

அவர் அப்படித்தான். ஆனால் அவர் மேல் மட்டும் பழி போடுவது சரியில்லை. எனக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. சில நாள் புகை வராது. அன்றைக்கெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். இப்படியே வயிற்று மருத்துவர் சொன்ன இரண்டு மாதம் போய், அதற்கு மேல் இன்னும் இரண்டு மாதமும் போனது.

ஐந்தாவது மாதம் தொலைபேசி வந்தது. மையத்தின் முதலாம் ஆண்டு விழா. பயனாளிகள் வரிசையில் எழுபது நாற்காலி இருக்கிறது, நீங்களும் வர வேண்டும், தேநீர் உண்டு என்றார்கள். நான் எந்தப் பயனை அடைந்தேன் என்று கேட்டேன். பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே, மதுவிலிருந்து மீண்டவர் என்று இருக்கிறதே என்றார்கள். போகவே கூடாது என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

மேடையில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். எனக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய வட்டமும் அதன் மேல் புகையும்தான் தெரிந்தது. படத்தில் வெள்ளை அம்புக்குறிகள் இருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார். இயக்குநர் எழுந்தார்.

"இந்தப் படத்தைப் பாருங்கள். ஒரு விழித்திரை. அதில் நான்கு கசிவுகள். கணையத்தின் துயரத்தைக் கண் எப்படி நமக்குக் காட்டிக்கொடுக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பதினோரு நாடுகளில் இந்தப் படத்தைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். சென்ற இடமெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்று பரிசுகள். இந்த மையத்தின் முகம் எது என்று கேட்டால் நான் இந்தக் கண்ணைத்தான் காட்டுவேன்."

கைதட்டல். முதல் வரிசையில் இருந்த வெளியூர் விருந்தாளி ஒருவர், அந்த நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இயக்குநர் புன்னகை செய்தார்.

"நல்ல கேள்வி. நோயாளியின் அந்தரங்கம் எங்களுக்குப் புனிதமானது. அவருடைய பெயர், முகவரி, கோப்பு எண் எல்லாவற்றையும் படத்திலிருந்து அழித்துவிட்டோம். அவர் யார் என்று இன்று எங்களுக்கே தெரியாது. நாங்கள் நினைத்தாலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது."

இதற்கு முன்னதைவிடப் பெரிய கைதட்டல். என் வீட்டுக்காரரும் தட்டினார். தட்டிக்கொண்டே படத்தின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை எனக்காகப் படித்துச் சொன்னார். பெண். வயது முப்பத்தொன்பது. நாள்பட்ட கணைய அழற்சி. மது நாளொன்றுக்கு முப்பது மில்லி, தற்போது விட்டுவிட்டார். தொழில் புருவம். கடைசி வரியைப் படித்ததும் அவர் கை நின்றது.

"ஏம்மா. அது நீதான்."

நான் எழுந்தேன். அது என் கண் என்று சொன்னேன். நான் பேசிப் பழகிய இடம் பத்தடிக்குப் பத்தடி அறை; ஆனாலும் அந்த அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். இயக்குநர் திகைக்கவில்லை. மிகுந்த வருத்தத்தோடு, அந்த நோயாளியைப் பற்றிய எந்தத் தகவலையும் மூன்றாம் மனிதருக்குத் தருவதற்கில்லை என்றார். அந்த நோயாளி நான்தான் என்றேன். அதைத்தான் நாங்கள் உறுதி செய்யவோ மறுக்கவோ முடியாது, உங்கள் அந்தரங்கத்தை உங்களிடமிருந்தும் காப்பாற்ற வேண்டியது எங்கள் கடமை என்றார்.

அப்போது விழித்திரைத் தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆளுக்கு ஆள் கைரேகை மாறுவது போல விழித்திரை ரத்தக் குழாய்ப் பின்னலும் மாறும்; இவருக்கு இப்போதே ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடுமே என்றார். இயக்குநர் முகம் மலர்ந்தது. விருந்தாளிகள் முன்னிலையில் நேரடிச் செயல்விளக்கம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். என்னை மேலே அழைத்துப்போய், சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் உட்கார வைத்து, படம் எடுத்து, திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்குள் எல்லாருக்கும் தேநீர் கொடுத்து முடித்திருந்தார்கள்.

பெரிய படத்துக்குப் பக்கத்தில் புதுப்படத்தைத் திரையில் போட்டார்கள். இரண்டு பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கொரு குச்சியோடு நின்று எண்ணினார்கள். அந்த மையத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். எண்ணி முடித்து இயக்குநர் காதில் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஆய்வுப் படத்தில் இருப்பவை நான்கு கசிவுகள், இந்த அம்மையாரின் படத்தில் இருப்பவை பதினேழு, ஆகவே இரண்டும் ஒரே கண் இல்லை என்பது அறிவியல்பூர்வமாக நிரூபணமாகிவிட்டது என்று அறிவித்தார்.

மூலையில் நின்ற படக்காரர், குழாய்ப் பின்னல் அப்படியே ஒன்றாகத்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். மையத்தின் நெறிமுறைப்படி கசிவு எண்ணிக்கைதான் முதல் அளவுகோல், பின்னல் மூன்றாவது என்று இயக்குநர் அவருக்கு நினைவூட்டினார். படக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நான்கு பதினேழானது எப்படி என்று கேட்டுச் சண்டை போட வாய் வரை வந்தது. இவர்களோடு சண்டை போட்டால் அதற்கும் ஒரு குழு போடுவார்கள் என்று தோன்றியது. விழித்திரைத் தலைவர் பக்கம் திரும்பினேன்.

"சரிங்க. நான் அவ இல்ல. இந்தப் பெரிய படத்துக் கண்ணுக்காரி இப்ப வந்தா, அவகிட்ட என்ன சொல்வீங்க?"

மூன்றாம் மனிதரிடம் பொதுவாகப் பேச அவருக்குத் தடை ஏதும் இல்லை. ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒரு கண் மருத்துவர் எனக்குப் பதில் சொன்னார், அதுவும் உற்சாகமாக.

"உடனே லேசர்னு சொல்வேன். ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. எந்தக் கண் டாக்டர்கிட்டப் போனாலும் அரை மணி நேர வேலை. படம் எடுத்த அன்னிக்கே பண்ணியிருந்தா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் தப்பிச்சிருக்கும்."

"நாலு இருக்கறவளுக்கே அப்படின்னா, பதினேழு இருக்கறவளுக்கு?"

அவர் குச்சியைக் கீழே இறக்கினார். கணையத் தலைவரைப் பார்த்தார். கணையத் தலைவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர், அது தனிப்பட்ட நோயாளியைப் பற்றிய கேள்வி, கூட்டுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும், இந்த அம்மையார் புது நோயாளி என்று நிரூபணமாகிவிட்டதால் பதிவிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். ஏறிய புருவக்காரி ஏற்கெனவே படிவத்தோடு வந்து நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் என்றாவது ஒரு நாள் இலவசமாகப் புருவம் திருத்திவிடுவேன்.

நாங்கள் தேநீர் குடிக்காமல் வெளியே வந்தோம். மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு செருப்புக் கடையின் மாடியில் கண் மருத்துவர் பலகை ஒன்று இருந்தது. ஐந்து மாதமாக அதைத் தாண்டித்தான் பேருந்தில் போய் வந்துகொண்டிருந்தோம். மாடிப்படியில் என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் ஏறினார். அவர் எந்த வாசலிலும் இப்படி அனுமதி கேட்காமல் நுழைந்து நான் பார்த்ததில்லை.

உள்ளே இருந்த பெண் மருத்துவர், பிறந்ததிலிருந்து புருவத்தைத் தொடாதவர். என் தொழிலுக்குத் துளியும் பிரயோஜனமில்லாத ஆள். அறுபத்திரண்டு கேள்வி கேட்கவில்லை. பெயர் கேட்டார், எவ்வளவு நாளாக என்று கேட்டார், சொட்டு மருந்து விட்டார். பழைய கருவியில் இரண்டு கண்ணையும் படம் எடுத்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. இது உங்க கண்ணு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஐந்து மாதத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் நான் அழுது முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு எதையும் மறைக்காமல் சொன்னார். வலது கண்ணை லேசரில் காப்பாற்றிவிடலாம், இப்போதே செய்துவிடலாம். இடது கண்ணில் பார்வையின் நடுப்பகுதியிலேயே ரத்தம் கசிந்து வீங்கி ரொம்ப நாளாகிவிட்டது. ஓரத்தில் கொஞ்சம் தெரியும். நடுவில் இனி திரும்பாது. ஒற்றைக் கண்ணால் நூல் பிடிக்க முடியுமா என்று கேட்டேன். தூரம் கணிக்க மறுபடி பழக வேண்டும், சில மாதங்கள் ஆகும் என்றார். முடியாது என்று அவர் சொல்லாததை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரையில் இடது கண்ணை இன்னொரு முறை பார்த்தார். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அது எங்கள் மேல் வந்த கோபம்தான். என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"இவ்வளவு தூரம் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் காட்டாம என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

என் வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். கிண்டலும் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு, அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"காட்டினோம் டாக்டர். பதினோரு நாட்டுல பாத்தாங்க."

மருத்துவர் என் தாடையைப் பிடித்து லேசர் கருவியில் வைத்தார்.